மார்கழிப் பூரணையும் மகளின் பிறந்தநாளும்

எங்கள் வீட்டில் கலண்டர் கிழிக்கிற வேலை மகளுடையது. சுவரில் ஆணியில் தொங்குகிற, நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கிற கலண்டர். முன்பக்கத்தில் திகதி, திதி, நட்சத்திரம், இராகு காலம் எல்லாம் இருக்கும். பின்பக்கத்தில் ‘இந்த நாளில்’ என்று தலைப்புப் போட்டு, உலகத்தில் அன்றைக்கு முன்னொரு காலத்தில் என்ன நடந்தது, யார் பிறந்தார், யார் இறந்தார், என்ன நினைவு நாள் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மகள் பல்லுத் தீட்டின வாயோடு கதிரையில் ஏறித் தாளைக் கிழிப்பாள். இறங்க மாட்டாள். அங்கே நின்றபடியே ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி முழுவதையும் வாசித்து முடிப்பாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வள்ளங்களுக்குப் பூட்டுகிற எஞ்சின்களைத் திருத்துவதுதான் என் தொழில். எனக்குப் பொது அறிவு என்று ஏதாவது இருந்தால், அதில் பாதி மகள் கதிரையில் நின்று வாசித்தது.

எங்கள் வீடு, கடல் வந்து போன பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்டத்தில் இருக்கிறது. திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளிக்குப் போகிற வழியில் இறங்கி, உள்ளே கொஞ்சம் நடக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு ஒரு நடுச்சுவர். அங்கே உளுந்து அரைத்தால் இங்கே இருந்து, “இண்டைக்குத் தோசையோ?” என்று கேட்கலாம். அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா தனியாக இருக்கிறார். சொந்தம் இல்லை, அயல்தான். ஆனால் மகளுக்கு அவர் பெரியம்மா. மகள் வாசிக்கத் தொடங்கினால் சுவருக்கு அந்தப் பக்கம், சமைக்கிற குசினியிலிருந்து அவருடைய குரல் வரும்.

“இண்டைக்கு ஆர் செத்தது பிள்ளை?”

“ஒரு ராசா, பெரியம்மா.”

“நேற்றும் ஒரு ராசாவெல்லோ. இப்பிடி நாளுக்கொண்டு செத்தா நாட்டை ஆர் பாக்கிறது? சரி, பிறந்தது ஆர்?”

“ஒரு விஞ்ஞானி.”

“அப்ப பறவாயில்லை. ஒண்டுக்கு ஒண்டு சரி.”

இப்படித்தான் எங்கள் காலைகள் விடியும்.

இதை வாசிக்கிற பிள்ளைகளே, உங்களில் பலர் கடல் வந்த பிறகு பிறந்தவர்கள். அதனால் அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு டிசம்பர் இருபத்தாறாம் திகதி காலையில் கடல் எழும்பிக் கரைக்கு வந்தது. எங்கள் கரையில் வீடுகளும் வள்ளங்களும் போயின. ஆட்களும் போனார்கள். நான் அப்போது கலியாணம் கட்டாதவன். எங்களுக்கு வீடு போனது, உயிர் தப்பியது. அந்த அக்காவுக்குக் கணவரும் ஆறு வயது மகனும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் திகதி எங்கள் பகுதியில் சத்தமில்லாத திகதி. வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் மணலில் கிடக்கும். வீடுகளுக்கு முன்னால் போகிற ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி கட்டுவார்கள். ஒருவரும் பாட்டுப் போட மாட்டார்கள், மீன் காய்ச்ச மாட்டார்கள். காலையில் குறித்த நேரத்துக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கும்.

கடல் வந்து பத்து வருஷம் கழித்து, அதே திகதியில், அதே இரண்டு நிமிடத்தில் என் மகள் பிறந்தாள். நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றேன். தாதிமார் எல்லோரும் அப்படியே அசையாமல் நின்றார்கள். துடைப்பத்தோடு வந்தவர் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றார். மின்விசிறி மட்டும் சுற்றியது. அந்த நேரத்தில் கதவுக்கு உள்ளே ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. எனக்கு எதிரே நின்ற தாதி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. இரண்டு நிமிடம் முடிந்த பிறகுதான் சிரித்தார்.

“மகளாத்தான் இருக்கும்,” என்றார். “பொறுமை இல்லாத மகள்.”

வீட்டுக்குக் கொண்டு வந்த நாளிலிருந்தே எனக்கும் மனைவிக்கும் ஒரு யோசனை. பிள்ளையை இழந்த தாய் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அந்தத் திகதியில் இந்தப் பக்கத்தில் பாட்டுப் பாடிக் கேக் வெட்டுவது எப்படி? ஆகவே நட்சத்திரம் பார்த்துச் செய்வோம் என்று முடிவெடுத்தோம். மார்கழியில் அவளுடைய நட்சத்திரம் வருகிற நாளில் கோயிலுக்குப் போவோம், அர்ச்சனை செய்வோம், பாயாசம் வைப்போம். ஒரு கிண்ணம் பாயாசம் பக்கத்து வீட்டுக்கும் போகும். இருபத்தாறாம் திகதி வந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்போம்.

சின்ன வயதில் மகளுக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பாயாசம் இனிப்பாக இருந்தது, அது போதும். ஒன்பது வயது ஆகப்போகிற வருஷம் மாரி தொடங்கினபோதுதான் அவள் வழக்குப் பேசத் தொடங்கினாள்.

“அப்பா, கலண்டரிலை பிறந்த ஆக்களுக்கு எல்லாம் திகதி போட்டுத்தான் இருக்கு. ஒருத்தருக்கும் நட்சத்திரம் போடேல்லை.”

“அது கலண்டர் அடிக்கிறவையின்ரை வசதி.”

“வகுப்பிலை எல்லாருக்கும் பிறந்தநாள் ஒரே நாளிலை வரும். எனக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு நாள். பெருநாள் மாதிரி பிறை பாத்துத்தான் உனக்கு வயசு போகுமோ எண்டு கேக்கினம்.”

மனைவி வாயைப் பொத்திச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“இந்த முறை திகதியிலை செய்வம் அப்பா. பலூன் வேண்டாம். பாட்டு மெல்லமாப் பாடலாம். ஒரு கேக், ஒரு மெழுகுதிரி. ஊதிப்போட்டு விடுவம்.”

அன்றிரவு மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார்: “பிள்ளை கேக்கிறதிலை பிழை இல்லை. ஆனா அந்த மனுசி என்ன நினைக்கும்?”

“அக்காவிட்டை நான் கேட்டுப் பாக்கிறன்.”

கேட்கப் போனேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, “என்ன தம்பி, இந்த நேரத்திலை?” என்றார். “பைப் ஒழுகுது எண்டியள், அதுதான் பாப்பம் எண்டு,” என்று சொல்லி, பைப்பைக் கழற்றிப் பூட்டிவிட்டு வந்தேன். இன்னொரு நாளும் போனேன். அன்றைக்குக் குசினி ஜன்னலின் பிணைச்சலை இறுக்கிக் கொடுத்தேன். மகள் வாசலில் காத்து நின்றாள்.

“கேட்டனீங்களோ?”

“இன்னும் இல்லை.”

“பெரியம்மா வீட்டிலை உடைய இனி ஒண்டும் இல்லை அப்பா.”

அந்த வருஷம் மாரி கடுமை. உள்ளூர்ப் பாதைகளில் வெள்ளம் நின்றது. மழை விட்டிருந்த ஒரு பின்னேரம் அக்காவே எங்கள் வாசலுக்கு வந்தார். நான் விறாந்தையில் சாக்கை விரித்து ஒரு எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தேன்.

“தம்பி, உங்கடை பெரிய பானை ஒருக்காத் தேவை. வாழையிலையும் கொஞ்சம் எடுத்துத் தரவேணும்.”

“என்ன அலுவல் அக்கா?”

“திவசம். ஒவ்வொரு வருஷமும் கிளிவெட்டியிலை என்ரை தம்பி வீட்டைதான் செய்யிறது. இந்த முறை றோட்டுக்கு மேலாலை வெள்ளம் ஓடுதாம். எனக்கும் போக ஏலாது, அவனுக்கும் வர ஏலாது. ஐயரிட்டைச் சொல்லிப்போட்டன், இஞ்சையே செய்வம் எண்டு. தம்பியின்ரை இடத்திலை நீங்கள் நிண்டு செய்து தருவியளோ?”

அவர் ஒவ்வொரு மார்கழியிலும் கிளிவெட்டிக்குப் போவது எங்களுக்குத் தெரியும். தம்பியின் வயல் அலுவலாகப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தோம்.

“அதுக்கென்ன அக்கா. இருபத்தாறுதானே, நான் வீட்டைதான் நிப்பன்.”

“நான் இருபத்தாறு பாக்கிறேல்லை தம்பி. நாங்கள் திதி பாக்கிற ஆக்கள். மார்கழிப் பூரணையிலைதான் அதுகள் போனது. எனக்கு அந்த நாள்தான் நாள். இருபத்தாறு ஊருக்கு. மாலை போடுவினம், பேசுவினம். நானும் போய் நிக்கிறனான். நிக்காட்டிக் குறை சொல்லுவினம்.”

கையிலிருந்த திருகாணியை நான் கீழே வைத்தேன். “அப்ப இருபத்தாறிலை வீட்டிலை...”

“வீட்டிலை என்ன? நீங்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பியள். உங்களுக்கும் ஆரோ போயிருக்கு, கதைக்க விருப்பமில்லையாக்கும் எண்டு நானும் ரீவியை நிப்பாட்டிப்போட்டு இருப்பன்.”

மனைவி உள்ளே இருந்து வந்துவிட்டார். “அக்கா, நாங்கள் உங்களுக்காகவெல்லோ சத்தம் போடாமல் இருந்தனாங்கள். பிள்ளையின்ரை பிறந்தநாளைக்கூட...”

அக்கா விறாந்தைப் படியில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“பிள்ளை பிறந்தது எப்ப எண்டு எனக்குத் தெரியாதே? உமக்கு வயித்துக்குத்து வர ஓட்டோ பிடிச்சு அனுப்பினது ஆர்? நட்சத்திரத்துக்குப் பாயாசம் தாறியள், சந்தோசம். கேக்கை மட்டும் உம்முடைய தமையன் வீட்டை கொண்டுபோய் வெட்டுறியளாக்கும் எண்டு நினைச்சன். பிள்ளையைப் பறிகுடுத்தவளின்ரை கண் பட்டிடும் எண்டு பயப்பிடுறியள் எண்டு.”

மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரம், உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் எழும்பியது. இருபத்தாறாம் திகதி அக்காவுடைய நாள் இல்லை. இனிப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாம்.

அந்தச் சந்தோசம் அதிக நேரம் நிற்கவில்லை. ஏன் என்றால், பூரணை எப்போது வரும் என்பது எனக்குக் கலண்டர் பார்க்காமலே தெரியும். முழு நிலவு வெளிச்சத்தில் இரவு மீன்பாடு குறைவு. அந்த நாட்களில்தான் வள்ளக்காரர்கள் எஞ்சினைக் கழற்றி என்னிடம் கொண்டு வருவார்கள். அப்போது என் காலடியில் கிடந்த எஞ்சினின் சொந்தக்காரரும், “பூரணை கழிய, இருபத்தேழிலை வேணும்,” என்று சொல்லித்தான் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“அக்கா,” என்றேன், “இந்த முறை பூரணை இருபத்தாறிலையெல்லோ.”

“ஓம். அண்டைக்கு எல்லாரும் இலை தேடுவினம், அதுதான் முதலே சொல்லி வைக்கிறன்,” என்றார் அவர்.

ஐயரிடம் கேட்டபோது விளக்கமாகச் சொன்னார். நிலவும் இங்கிலீஷ் திகதியும் பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தடவை பழையபடி ஒன்றாக வருமாம். சிலவேளை ஒரு நாள் முந்திப் பிந்தலாமாம். கடல் வந்து அது பத்தொன்பதாவது வருஷம். மகள் பிறந்த பிறகு வந்த இருபத்தாறாம் திகதி ஒவ்வொன்றும் அவளுக்காகச் சும்மா கிடந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. அவள் வாய் திறந்து கேட்ட வருஷத்தில்தான் அது மெய்யாகவே இன்னொருவருடைய நாளாக வந்து நின்றது.

மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லை.

“அடுத்த வருஷத்திலை இருந்து திகதியிலைதான் செய்வம். இந்த முறை மட்டும் பெரியம்மாவின்ரை நாள்.”

அவள் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள். “திரும்ப இப்பிடிச் சேர்ந்து வரேக்கை எனக்கு இருபத்தெட்டு வயசு.”

“ஓம்.”

“அப்ப நான் வேலைக்குப் போவன். நானே கேக் வாங்குவன்,” என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் அழவில்லை. மறுநாள் காலையில் கதிரையில் ஏறித் தாளைக் கிழித்தாள். வாசிக்காமல் மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

“இண்டைக்கு ஆர் செத்தது பிள்ளை?” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பதில் போகவில்லை. “பிள்ளைக்குத் தொண்டை நோவோ?”

“ஓம் அக்கா, கொஞ்சம் தடிமன்,” என்று மனைவி சொன்னார்.

அன்று மத்தியானம் மகள் எங்களிடம் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மனைவி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுவரைத் தாண்டி அவளுடைய குரல் தெளிவாக வந்தது.

“பெரியம்மா, அண்ணா பிறந்தது எப்ப?”

மனைவியின் கை நின்றது. என் வாயில் சோறு நின்றது.

“ஏன் பிள்ளை?”

“எல்லாரும் அண்ணா செத்த நாளைத்தான் சொல்லினம். கலண்டரிலை எண்டா ரெண்டும் இருக்கும். பிறந்ததும் இருக்கும், செத்ததும் இருக்கும்.”

பிள்ளையை இழுத்துக்கொண்டு வரலாம் என்று எச்சில் கையோடு எழும்பினேன். மனைவி என் சாரத்தைப் பிடித்து இருத்தினார். மழைத் தண்ணீர் கூரையிலிருந்து வாளியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பத்தொன்பது வருஷம் நாங்கள் எல்லோரும் அந்தப் பிள்ளைக்காகத் தலை குனிந்து நின்றிருக்கிறோம். அவன் பிறந்தது எப்போது என்று நான் ஒரு தரமும் கேட்டதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“சித்திரையிலை,” என்றார் அக்கா. “வருஷம் பிறந்த கையோடை. வெக்கை எண்டா அப்பிடி ஒரு வெக்கை. உன்ரை பெரியப்பா என்ன செய்தவர் தெரியுமோ? மீனுக்குப் போடுற ஐஸ் கட்டியைச் சாக்கிலை சுத்திக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழை வைச்சிட்டார்.”

“ஏன்?”

“எனக்கும் பிள்ளைக்கும் குளிரட்டாம். வார்ட் முழுக்க மீன் மணம். நேர்ஸ் வந்து பேசின பேச்சு, சொல்லி வேலையில்லை.”

மகள் சிரித்தாள். அவளோடு அக்காவும் சிரித்தார்.

“அண்ணா கேக் வெட்டினவரோ?”

“அஞ்சாம் பிறந்தநாளுக்கு வாங்கினது. நாங்கள் வெட்ட முதலே ஐஸிங் பூ எல்லாத்தையும் நக்கிப்போட்டான். ஆறாம் பிறந்தநாளுக்குப் பூ இல்லாமல் வாங்கினம். அதுக்கும் அழுகை, பூ எங்கை எண்டு.”

“எனக்கு ஒருக்காலும் வெட்டேல்லை.”

“மாமா வீட்டையும் வெட்டேல்லையோ?”

“இல்லை பெரியம்மா. பாயாசம்தான்.”

மறுபடியும் வாளியில் தண்ணீர் விழுந்தது. பிறகு அக்காவின் குரல் சுவருக்குக் கிட்ட வந்தது.

“தம்பி, சாப்பிட்டு முடிஞ்சுதோ? ஒட்டுக் கேட்டது காணும். பேக்கரியிலை ஒரு கேக் சொல்லி வையுங்கோ. ஐஸிங் பூ வைச்சு.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அக்கா, திவச நாளிலை எப்பிடி...”

“படைச்சு, காகத்துக்கு வைச்சு, ஆக்கள் சாப்பிட்டாப் பிறகு, படையலுக்கு வந்த தகப்பனும் மகனும் திரும்பிப் போயிடுவினம். என்ரை அலுவல் மத்தியானத்தோடை சரி. பிறகு பின்னேரம் ஆரின்ரை? என்ரை விறாந்தையிலை வெட்டுவம். அப்ப ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்.”

இருபத்தாறாம் திகதி மழை இல்லை. வாடைக்காற்று மட்டும் விடாமல் வீசியது. ஒழுங்கையில் வெள்ளைக் கொடிகள் படபடத்தன. ஐயர் சொல்லச் சொல்ல நான் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். இரண்டு நிமிட மௌனத்துக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தபோது ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். நாங்கள் எழும்பி நின்றோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மகள் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு படைத்தோம். பயற்றங்காய்க் கறி, பூசணிக்காய்க் கறி, பருப்பு, வடை, பாயாசம். காகத்துக்கு மதிலில் சோறு வைத்தபோது எனக்கு ஒரு பயம். எங்கள் கடற்கரைக் காகங்கள் மீன் தலைக்குப் பழகியவை, மரக்கறிச் சோற்றை மற்ற நாட்களில் திரும்பியும் பார்க்காது. ஆனால் அன்றைக்கு ஒரு வள்ளமும் போகவில்லை, கரையில் மீனே இல்லை. வைத்த கை எடுக்க முதல் வந்துவிட்டன.

“ஐயாமார் பசியோடை இருந்திருக்கினம்,” என்றார் அக்கா. அவருடைய முகம் தெளிந்தது.

சாப்பாடு முடிந்து, இலைகள் எடுத்து, விறாந்தையைக் கழுவினோம். வெயில் சாய்ந்தபோது அக்கா தன் வீட்டு மேசையை வாசலுக்கு இழுத்தார். கேக்கில் ரோசாப் பூ ஐந்தாறு இருந்தது. ஒழுங்கையால் போன ஒரு வள்ளக்காரர் படலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

“இண்டைக்கோ கேக்?” என்று என்னைத்தான் கேட்டார்.

“என்ரை வீட்டுக் கேக்,” என்று அக்கா பதில் சொன்னார். “நிண்டா ஒரு துண்டு கிடைக்கும். கேள்வி கேட்டாக் கிடையாது.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அக்கா நெருப்புப் பெட்டியை எடுத்து மெழுகுதிரியைக் கொளுத்தினார். மகள் குனிந்து மூச்சை இழுத்தாள். அவள் ஊத முதல் காற்று ஊதிவிட்டது.

“நான் ஊதேல்லை,” என்று மகள் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். ஏதோ பிழை செய்தவள் போல அவளுடைய முகம் மாறிப்போனது.

“நீ ஊதேல்லை எண்டு எங்களுக்குத் தெரியும்,” என்றார் அக்கா. மறுபடி கொளுத்தினார். மறுபடி அணைந்தது. வள்ளக்காரர் காற்று வருகிற பக்கத்தில் வந்து நின்று மறைத்தார், மனைவி சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தார், நான் கதவை அரைவாசி சாத்தினேன். அக்கா இன்னொரு குச்சியை உரசினார். இந்த முறை நெருப்பு நின்றது. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அதைச் சுற்றி வைத்துக்கொண்டார். விரல்களுக்கு இடையால் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது.

மகள் ஊதாமல் பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஊது பிள்ளை,” என்றார் அவர். “கெதியா ஊது. கை சுடுது.”